ஐஸ் போட்ட சிவப்பு ஒயின்

பாட்டிலுக்குள் ஒயின் கல்லாக உறைந்து, கார்க்கை ஒரு விரல் உயரத்துக்கு வெளியே தள்ளியிருந்தது. அண்ணனும் அண்ணியும் சாப்பிட வர இன்னும் ஒன்றரை மணி நேரம்தான் இருந்தது. வெல்டர் பாட்டிலைத் தலைகீழாகப் பிடித்துக் குலுக்கினார். உள்ளே ஒன்றும் அசையவில்லை.

"அரை மணி நேரம்தானே வைக்கச் சொன்னாங்க?" என்றாள் மனைவி.

"அது சாதாரண நாளுக்கு. இந்த வெயிலுக்கு அரை மணி எந்த மூலைக்கு?"

நேற்றே ஃப்ரீசரில் வைத்துவிட்டதை அவர் சொல்லவில்லை.

இத்தனை பாடும் ஏழு வருஷத்துக்கு முந்தைய ஒரு சிரிப்புக்காக. மகளின் கல்யாண விருந்து. அன்றைக்கும் இதே மாதிரி வெயில்தான். அண்ணன் தன் கிளாஸில் இருந்த சிவப்பு ஒயினில் நாலு ஐஸ் கட்டியை அள்ளிப் போட்டார். வெல்டர் சம்பந்தி வீட்டார் முன்னால், "கிரேன் மேலயே உட்கார்ந்திருந்தா இப்படித்தான். கீழ மனுஷங்க எப்படிக் குடிக்கிறாங்கன்னு தெரியாது" என்று சொல்லி உரக்கச் சிரித்தார். மேசையே சேர்ந்து சிரித்தது. அண்ணன் சிரிக்கவில்லை. கன்னத்தில் கை வைத்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, சாப்பாடு வருவதற்குள் எழுந்து போய்விட்டார்.

அதோடு பேச்சு நின்றது. அண்ணன் கூப்பிடவில்லை. எந்த முகத்தை வைத்துக்கொண்டு கூப்பிடுவது என்று இவரும் கூப்பிடவில்லை.

கப்பல் பட்டறையில் இருபத்தெட்டு வருஷம், அண்ணன் ஓட்டிய கிரேனின் கொக்கியில் டன் கணக்கில் தகடு தொங்கும். அதற்குக் கீழே குனிந்துதான் வெல்டர் வேலை செய்தார். மற்றவர்கள் அடிக்கடி அண்ணாந்து பார்ப்பார்கள். இவர் ஒரு நாளும் பார்த்ததில்லை. மேலே இருப்பது யார் என்று இவருக்குத் தெரியும்.

போன வாரம் மகளுக்காக ஒயின் கடைக்குப் போனபோதுதான் விஷயம் தெரிந்தது. கடைக்கார அம்மா ஃப்ரிட்ஜிலிருந்து ஒரு சிவப்பை எடுத்துக் கொடுத்தாள். வெயில் காலத்தில் சிவப்பையும் குளிர வைத்துத்தான் கொடுக்க வேண்டுமாம். ஆனால் லேசான சிவப்பாக இருக்க வேண்டும். கிளாஸுக்குப் பின்னால் விரல் வைத்தால் தெரிய வேண்டும். கெட்டியான கருஞ்சிவப்பைக் குளிர வைத்தால் துவர்ப்புதான் மிஞ்சும். ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் போதும்.

வெல்டர் பாட்டிலை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்போ அண்ணன் செஞ்சதுதான் சரியா?" என்று கேட்டார்.

எந்த அண்ணன் என்று அந்த அம்மாவுக்குப் புரியவில்லை.

அன்றே மனைவியை அண்ணிக்குப் போன் போடச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை வருகிறோம் என்று உடனே பதில் வந்தது. மன்னிப்பு என்ற வார்த்தை அவர் வாயில் வராது. குளிர்ந்த சிவப்பு ஒயினை அண்ணன் கையில் கொடுத்தால் போதும், அண்ணன் புரிந்துகொள்வார் என்று கணக்குப் போட்டிருந்தார்.

இப்போது பாட்டிலை இளக்க வேண்டும். பழுக்கக் காய்ந்த இரும்பைத் தண்ணீரில் முக்காதே, விரிசல் விடும் என்று புதிதாக வேலைக்கு வந்த அத்தனை பேருக்கும் கத்திக் கத்திச் சொன்ன ஆள், உறைந்த பாட்டிலை வெந்நீர்க் குழாயில் காட்டினார். 'டிக்' என்று ஒரு சத்தம். கண்ணாடி உரிந்து தொட்டியில் விழ, ஒயின் மட்டும் பாட்டில் வடிவத்தில் கையில் நின்றது.

"வாங்கின காரியம் முடிஞ்சுதா?" என்றாள் மனைவி.

கடைக்கு ஓடினார். கடைக்கார அம்மா ஷட்டரை இறக்கிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தாள். பக்கத்து மளிகைக் கடையில் ஒரே ஒரு ரகம் இருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். விரல் தெரியவில்லை, சூரியனே தெரியவில்லை. இஞ்சின் ஆயில் மாதிரி இருந்தது. வாங்கிக்கொண்டு ஓடி வந்தார்.

இனி ஃப்ரிட்ஜை நம்பிப் பயனில்லை. மீன் படகுக்காரர்கள் செய்வதைப் பார்த்திருக்கிறார். வீட்டில் இருந்த ஐஸ் அத்தனையும் வாளியில் கொட்டி, தண்ணீர் விட்டு, ரெண்டு கை உப்பை அள்ளிப் போட்டுப் பாட்டிலை அமுக்கினார். இருபது நிமிஷத்தில் கை வைக்க முடியாத குளிர்ச்சி. ஒரு வாய் குடித்துப் பார்த்தார். துவர்ப்பு நாக்கை உப்புத்தாளால் தேய்த்த மாதிரி இருந்தது.

குளிர்ச்சி கொஞ்சம் இறங்கட்டும் என்று ஜன்னலில் வெயில் படும்படி வைத்துவிட்டுச் சட்டை மாற்றப் போனார். பொத்தான் ஒன்று அறுந்து போயிருந்தது. தைத்துப் போட்டுக்கொண்டு வந்து தொட்டால், பாட்டில் குளிக்கிற வெந்நீர் பதத்தில் இருந்தது. அழைப்பு மணி அடித்தது.

அண்ணன் வாசலில் நின்றார். ரொம்ப மெலிந்திருந்தார். "நல்லா இருக்கியாடா?" என்று கேட்டபோது மேல்வரிசையில் ஒரு பக்கம் பல் இல்லாதது தெரிந்தது. இது எப்போது போனது என்றுகூடத் தனக்குத் தெரியவில்லையே என்று வெல்டருக்கு உறைத்தது. தலையை மட்டும் ஆட்டிவிட்டுச் சமையலறைக்குள் போய்விட்டார்.

ஐஸ் தட்டுகள் காலி. வாளியில்தான் கொஞ்சம் மிதந்தது. அதிலிருந்து அள்ளினார். அண்ணன் கிளாஸில் எண்ணி நாலு கட்டி. அன்றைக்குப் போட்ட அதே நாலு. மிச்சத்தை மற்ற கிளாஸ்களில் போட்டு ஒயினை ஊற்றிக் கொண்டுவந்தார்.

அண்ணன் கிளாஸை வாங்கிப் பார்த்தார். தம்பியையும் பார்த்தார். குடித்தார்.

மனைவி ஒரு வாய் குடித்துவிட்டு, கிளாஸை மெதுவாக மேசையில் வைத்துப் புருஷனை ஒரு பார்வை பார்த்தாள். அப்புறம்தான் வெல்டர் தன் கிளாஸை வாயில் வைத்தார். கடல் தண்ணீரில் வேப்பங்கொழுந்தைக் கரைத்த மாதிரி இருந்தது.

அண்ணன் முகத்தில் ஒரு சுருக்கம்கூட இல்லை. அடி வரைக்கும் குடித்தார்.

"இன்னும் கொஞ்சம் ஊத்துடா."

வெல்டர் பாட்டிலை எடுத்தார். ஏழு வருஷக் கோபம் இது, நீ எதைக் கொடுத்தாலும் குடித்துக் காட்டுகிறேன் என்கிறார் என்று நினைத்தார். ஊற்றினார். அண்ணன் அதையும் குடித்துவிட்டு மூன்றாவதுக்குக் கிளாஸை நீட்டினார். வெல்டர் அதைப் பிடித்துக்கொண்டார்.

"போதும்ணே. அன்னைக்கு நான் உன்னைப் பார்த்துச் சிரிச்சது தப்பு. அத்தனை பேர் முன்னாடி அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. நீ ஐஸ் போட்டதுதான் சரி. கடையிலயே சொல்லிட்டாங்க."

அண்ணன் விழித்தார்.

"என்னைக்குடா சிரிச்ச?"

கேலி இல்லை அந்த முகத்தில். வெல்டர் கல்யாண விருந்து, கிரேன், ஐஸ் என்று தட்டுத் தடுமாறிச் சொன்னார். அண்ணன் ஒன்றும் விளங்காமல் அண்ணி பக்கம் திரும்பினார். அவள் தண்ணீர்ச் செம்பைப் புருஷன் பக்கம் நகர்த்திவிட்டுச் சொன்னாள்:

"அவர் ஐஸ் போட்டது பல்வலிக்குத் தம்பி, அந்த வலியில யார் சிரிச்சதும் அவர் காதுல ஏறல, பொண்ணு கல்யாணத்துல சாப்பிடாம ஓடிட்டோமே, தம்பி மன்னிக்கவே மாட்டான்னு ஏழு வருஷமா பயந்துக்கிட்டு இருந்தவரு, இன்னைக்கு நீங்க எதை ஊத்தினாலும் முகத்தைச் சுளிக்காம குடிச்சிடணும்னு வழியெல்லாம் சொல்லிக்கிட்டே வந்தாரு."