டிக்கெட்டைத் தின்ற ஆமை

ஒரு காட்டில் ரயில் ஓடிக்கொண்டிருந்தது. காட்டுக்கு ரயில் எதற்கு என்று கேட்டுக்கொண்டிருந்தால் கதை நகராது. பேசாமல் ஏறி உட்காருங்கள்.

அந்த ரயிலில் ஒரு வெள்ளிக்கிழமை தெய்வசிகாமணி என்கிற ஆமை ஏறியது. பாவப்பட்ட ஜீவன். நாற்பத்து மூன்று வருஷமாக ஓர் எருமையின் குளம்படிக் குழியில் தேங்கிய தண்ணீரில் வாடகைக்குக் குடியிருந்தது. சித்திரை பிறந்தால் வீடே காய்ந்துவிடும். குளம் வேண்டும் என்று மனுக் கொடுத்து, மனு என்னாயிற்று என்று இன்னொரு மனுக் கொடுத்து, கடைசியில் போன வாரம்தான் கடிதம் வந்தது. அல்லிக்குளம் அதன் பெயருக்கு ஒதுக்கப்படுகிறதாம். பகல் இரண்டு மணிக்கு நேரில் வர வேண்டும். மூன்று முறை பெயர் கூப்பிடுவார்கள். ஆள் இல்லையென்றால் அடுத்த மனுதாரருக்குப் போய்விடும்.

ஆமை விடுமா? முதல் நாளே ஸ்டேஷனுக்குப் போய், வரிசையில் நின்று, முறையாக டிக்கெட் எடுத்துவிட்டது. சட்டைப்பை கிடையாதே, அதனால் டிக்கெட்டை ஓட்டுக்குள் விட்டு, பின்னங்கால் இடுக்கில் செருகிக்கொண்டது. அங்கே போன பொருளை எந்தத் திருடனாலும் எடுக்க முடியாது. ஆமைக்கே கொஞ்ச நேரம் பிடிக்கும்.

பன்னிரண்டரை மணிக்கு டிக்கெட் பரிசோதகர் வந்தார். அவர் ஒரு கரடி. கறுப்புக் கோட்டுச் செலவு மிச்சம் என்றுதான் கரடியை அந்த வேலைக்கு எடுத்திருந்தார்கள்.

"பெரியவரே, டிக்கெட்?"

"இருக்குங்கய்யா, எடுக்கிறேன்" என்று ஆமை தலையை உள்ளே இழுத்துக்கொண்டது.

டிக்கெட்டைத் தேடித்தான் ஐயா உள்ளே போனது! பார்த்தவர்களுக்கு அப்படித் தெரியவில்லையே. "அடப்பாவமே, அவமானம் தாங்காம தலையை உள்ளே இழுத்துக்கிட்டாரே!" என்று எதிர் சீட்டு வாத்து மூக்கை உறிஞ்சியது.

மேல் பெர்த்தில் படுத்திருந்த காட்டுப்பன்றி தொப்பென்று குதித்தது. அதன் பெயர் வீரபத்திரன். எங்கே அநியாயம் நடந்தாலும் தட்டிக் கேட்கும். நடக்காத இடத்திலும் எதற்கும் இருக்கட்டும் என்று ஒரு தட்டு தட்டிவிட்டுப் போகும்.

"யோவ், வயசான ஆளை இப்படியா கேவலப்படுத்துவே?"

"டிக்கெட்தானே சார் கேட்டேன்?"

"கேட்ட தொனி சரியில்லை!"

"வேற எப்படிக் கேட்கிறது?"

"முதல்ல சாப்பிட்டீங்களான்னு கேட்கணும்யா!"

"அவரு இருக்குன்னு சொன்னாரு சார்."

"இல்லாதவன் அப்படித்தான் சொல்லுவான். மானஸ்தன்!"

பெட்டியே எழுந்து நின்றுவிட்டது. கீரி ஒன்று செல்போனைத் தூக்கிப் பிடித்து, "மக்களே, ஓர் ஏழை ஆமைக்கு நடக்கிற கொடுமையைப் பாருங்க, எல்லாருக்கும் அனுப்புங்க" என்று லைவ் போட ஆரம்பித்தது. வீரபத்திரனுக்கு உற்சாகம் தாங்கவில்லை. எட்டி அபாயச் சங்கிலியைப் பிடித்து இழுத்தது. நடுக்காட்டில் வண்டி நின்றுபோனது.

"நீ மன்னிப்புக் கேட்கிற வரைக்கும் வண்டி நகராது!"

"அவரு டிக்கெட்டையோ அபராதத்தையோ குடுக்கிற வரைக்கும் நானும் நகர மாட்டேன்!"

ஓட்டுக்குள் இருந்த ஆமைக்கு இதெல்லாம் அரைகுறையாகக் கேட்டது. எனக்காகவா இத்தனை பேர் சத்தம் போடுகிறார்கள் என்று அது தேடுவதை விட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருந்தது. நாற்பத்து மூன்று வருஷத்தில் எந்த ஆபீஸிலும் யாரும் அதற்காக ஒரு வார்த்தை பேசியதில்லை. டிக்கெட்டை ஒரு வழியாக வாயில் கவ்விக்கொண்டு தலையை வெளியே நீட்டியபோது மணி ஒன்றேகால்.

முதலில் பார்த்தது வீரபத்திரன். சட்டென்று கரடியின் கண்ணுக்கு மறைவாக ஆமைக்கு முன்னால் உட்கார்ந்தது.

"என்னய்யா இது?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிசுகிசுத்தது.

"டிக்கெட்டுங்க."

"நாசமாப் போச்சு! உனக்காக நான் சங்கிலியை இழுத்திருக்கேன்யா. சும்மா இழுத்தேன்னு தெரிஞ்சா என்னை உள்ளே வெச்சிருவாங்க."

"அதுக்கு நான் என்னங்க பண்றது?"

"நீ இதைக் காட்டினா விசாரணை வரும். சாட்சி, கையெழுத்துன்னு பொழுது சாஞ்சிரும். வண்டி இங்கேயேதான் நிக்கும். காட்டலைன்னா இந்தக் கரடி ரெண்டு நிமிஷத்துல மன்னிப்புக் கேட்டுரும். நாலாயிரம் பேரு பார்க்கிறான்ல, இப்பவே அது செல்போனைப் பார்த்துப் பார்த்துப் பின்னால போகுது. உனக்கு எத்தனை மணிக்குப் போகணும்?"

"ரெண்டு."

"அப்ப முழுங்கு."

திரும்ப உள்ளே வைக்கலாம் என்றால் அதற்கு இன்னொரு முக்கால் மணி ஆகும். ஆமை அல்லிக்குளத்தை நினைத்தது. கண்ணை மூடிக்கொண்டு டிக்கெட்டை மென்று விழுங்கியது. மை கசந்ததில் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"டிக்கெட் இல்லைங்கய்யா" என்றது. பிறந்ததிலிருந்து அது சொன்ன முதல் பொய்.

வாத்து ஓவென்று அழுதது. அதைப் பார்த்துப் பெட்டியே அழுதது. கரடி செல்போனை ஒருமுறை பார்த்தது, ஆமையை ஒருமுறை பார்த்தது. "எனக்கும் ஊர்ல வயசான அப்பா இருக்காருங்க, மன்னிச்சிருங்க பெரியவரே" என்று கும்பிட்டுவிட்டு அடுத்த பெட்டிக்கு ஓடியது. கைதட்டல் பிய்த்துக்கொண்டு போனது. வண்டி கிளம்பியது. ஆமைக்கு ஜன்னலோரம் கிடைத்தது, வேர்க்கடலை கிடைத்தது, ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

ஒன்று ஐம்பதுக்கு அல்லிக்குளம் ஸ்டேஷன் வந்தது. வீரபத்திரன் ஆமையைத் தன் முதுகிலேயே ஏற்றிக் கொண்டுபோய் வெளிவாசல் வரிசையில் இறக்கிவிட்டது. கீரி அதையும் படம் பிடித்தது. வாசலுக்கு எதிரேதான் குளத்து ஆபீஸ், அதற்குப் பின்னால் குளம். தண்ணீர் பளபளத்தது. ஆமைக்குச் சந்தோஷத்தில் நாலு காலும் தரையில் நிற்கவில்லை.

வாசலில் ஒரு முள்ளம்பன்றி நின்றிருந்தது.

"டிக்கெட்?"

ஆமை சிரித்தது. "அந்தப் பேச்செல்லாம் வண்டியிலேயே முடிஞ்சுதுங்க. கரடி சாரைக் கேளுங்க."

"கரடி வண்டியோட போயாச்சு. டிக்கெட்?"

தன் டிக்கெட்டைக் காட்டிவிட்டு வாசலைத் தாண்டிக்கொண்டிருந்த பன்றியை ஆமை கூப்பிட்டது. "வீரபத்திரா! இங்க டிக்கெட் கேட்கிறாங்கப்பா!"

பன்றி திரும்பிப் பார்த்தது. "டிக்கெட் எடுக்காம வந்தா கேட்கத்தானே செய்வாங்க பெரியவரே?" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறிக்கொண்டது. கீரி, "சாரி தாத்தா, சார்ஜ் போயிருச்சு" என்று நழுவியது.

"நான் டிக்கெட் எடுத்தேங்க! சத்தியமா எடுத்தேன்!"

முள்ளம்பன்றி தன் செல்போனை ஆமையின் மூக்குக்கு நேரே நீட்டியது. "இல்லைங்கய்யான்னு நீங்களே அழறீங்களே! நானே மூணு பேருக்கு அனுப்பினேன். ஓரமா நில்லுங்க, ஆபீஸர் சாப்பிட்டு வரட்டும்."

எதிர் ஆபீஸில் ஒலிபெருக்கி கரகரத்தது. "தெய்வசிகாமணி!"

"இதோ இருக்கேங்க!" என்று ஆமை கத்தியது. ஆமையின் தொண்டைக்கு எவ்வளவு எட்டும்?

"தெய்வசிகாமணி!"

"இங்கதாங்க, வாசல்லதாங்க நிக்கிறேன்!"

மூன்றாம் தடவையும் கூப்பிட்டார்கள். அப்புறம் ஒரு தவளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். தவளை குளத்தில் குதித்த சத்தம் ஸ்டேஷன் வரைக்கும் கேட்டது.

நீதி: உங்களுக்காக ஊரே திரண்டு வந்தாலும், வெளிவாசலைத் தாண்டும்வரை டிக்கெட்டைத் தின்னாதீர்கள்.