இடப்பக்கம் திரும்பாத வண்டு

டேமாவில் இருக்கும் அன்பு அக்கா அராபாவுக்கு, கேப் கோஸ்ட்டிலிருந்து தம்பி எக்கோ வணங்கி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அங்கே அத்தானும் பிள்ளைகளும் சுகமாக இருக்க ஆண்டவன் துணையிருப்பான்.

சுகம் என்று எழுதியது வழக்கத்துக்குத்தான். என் மகள், உன் மருமகள் எஃபுவாவின் பாலர் பள்ளிக்கு, திரை இல்லாமலே கோடிங் படிக்கட்டும் என்று நீ வாங்கிக்கொடுத்த பொம்மை வண்டு என் மானத்தை வாங்கிவிட்டது. பிள்ளைகள் முதலில் அம்பு போட்ட அட்டைகளைத் தரையில் வரிசையாக வைக்கிறார்கள், பிறகு அதே வரிசையில் வண்டின் முதுகில் பட்டனை அமுக்குகிறார்கள், அது சொன்னபடி நடக்கிறது. நல்லதுதான். ஆனால் எஃபுவாவுக்கு எதற்கும் இடது கைதான் முந்துகிறது. பெரியவர்களுக்கு இடது கையால் ஒன்றை நீட்டினால் ஊர் என்ன பேசும் என்று உனக்குத் தெரியாதா? அதனால் அதட்டி அதட்டித் திருத்திக்கொண்டிருக்கிறேன், அவளும் அந்தக் கையைத் தொடைக்கு அடியில் ஒளித்துக்கொண்டுதான் சோளமாவுக் கெங்கே சாப்பிடுகிறாள். இப்படி இருக்கும்போது பெற்றோர் தினம் வந்தது, ஊர்த் தலைவர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார், வண்டை வீட்டிலிருந்து சந்தைக்குக் கொண்டுபோக வேண்டும், சந்தையோ இடப்பக்கம். இவள் இடது அம்பைத் தொடவே இல்லை. ஒவ்வொரு முனையிலும் வலது, வலது, வலது என்று அமுக்கி வண்டைச் சுழல விட்டாள்.

தலைவர் குனிந்து கேட்டார், "என்னம்மா, உன் வண்டு கள்ளு குடிச்சிருக்கா?"

"இல்லீங்கய்யா. பெரியவங்க முன்னாடி இடது காட்டுனா அப்பா அடிப்பாரு."

கூட்டம் மொத்தமும் என்னைத் திரும்பிப் பார்த்தது. அடித்ததில்லை அக்கா, கையைத்தான் ஓங்கியிருக்கிறேன். அதை அங்கே யாரிடம் போய்ச் சொல்வது?

போதாததற்கு டீச்சர் குகுவா வாசலில் பிடித்துக்கொண்டாள். "அண்ணே, ட்ரோட்ரோ வேன் ஓட்டுறீங்களே, இடது பக்கம் ஒடிக்காமலா சந்தைக்குப் போறீங்க?"

"அது ஸ்டீயரிங்மா."

"சிரிக்காதீங்க. அட்டையை எடுக்கவே அவ பயப்படுறா. படம் வரையச் சொன்னா அழுவுறா. அந்தக் கையை விட்டுருங்கண்ணே."

நேற்று வந்த பெண் எனக்குப் பிள்ளை வளர்க்கச் சொல்லித்தருகிறாள். ஆகையால் அக்கா, தயவுசெய்து அடுத்த வாரமே வந்து வண்டைத் திருப்பி வாங்கிக்கொண்டு போ. அப்படியே, வலது கைதான் கை என்று எஃபுவாவுக்கு நீயும் ஒரு வார்த்தை சொல். உன் பேச்சென்றால் கேட்பாள்.

அத்தானுக்கு என் வணக்கம். உன் முட்டிவலி குறையட்டும், பிள்ளைகள் நன்றாகப் படிக்கட்டும்.

அன்புத் தம்பி,
எக்கோ

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது, அத்தைக்குத் தானும் ஏதாவது வரைய வேண்டும் என்று எஃபுவா வந்தாள். பேனாவை வலது கையில் பிடித்தாள், கோடு நடுங்கியது, என் முகத்தைப் பார்த்தாள், பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். எனக்குத் தாங்கவில்லை அக்கா. நானே எடுத்து அவள் இடது கையில் கொடுத்தேன். கீழே இருக்கும் வண்டு அவள் வரைந்தது, கால்களை எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறாள் பார். பொம்மை பள்ளியிலேயே இருக்கட்டும். நீ சும்மா வா. வந்ததும் அவள் எந்தக் கையால் தண்ணீர் நீட்டினாலும் வாங்கிக் குடி.