உங்கள் சிடி பிளேயர் ஏன் இன்னும் திரும்பி வரவில்லை என்றால்

பர்ன்லி,
மார்ச் 1993

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வாசகன் ரோட்னி டக்வர்த் வணக்கத்துடன் எழுதுவது. நானும் அம்மாவும் நலம். நீங்களும் உங்கள் ஸ்பீக்கர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்கள் ஆடியோ இதழின் 'வாசகர் தீர்ப்பு' பகுதிக்காக, கேட்டு எழுதிவிட்டு இரண்டு வாரத்தில் திருப்பித் தரச் சொல்லி நீங்கள் அனுப்பிய நடுத்தர விலை சிடி பிளேயர் பத்திரமாக வந்து சேர்ந்தது. தவணை முடிந்துவிட்டது என்று நீங்கள் போட்ட கார்டுகளும் அதே போலப் பத்திரமாக வந்து சேர்ந்தன.

தீர்ப்புக்கு முன்னால் ஒரு சண்டை. 'நடுத்தர விலை' என்கிறீர்களே, யாருக்கு நடு? எங்கள் தெருவில் அந்த விலைக்கு வாங்கிய கார் ஓடிக்கொண்டிருக்கிறது. கேட்பவர் சுவரிலிருந்து ஆறடி தள்ளி உட்கார வேண்டும் என்று குறிப்புத் தாளில் போட்டிருக்கிறீர்கள். எங்கள் முன்னறையில் ஆறடி தள்ளினால் நான் நடுத்தெருவில் உட்கார்ந்துதான் கேட்க வேண்டும், அங்கே மழை. லண்டனில் எல்லோருக்கும் மண்டபம் இருக்கிறதா? இருக்கட்டும்.

இனி தீர்ப்பு. ட்ரெபிள், அதாவது கூர்மையான உச்சச் சத்தம், அதிகம். சாதாரண அதிகம் இல்லை. டிரம்காரர் தட்டைத் தட்டினால் முள்கரண்டி டிராயர் மாடிப்படியில் உருண்டு விழுகிற சத்தம். பாடகி 'ஸ்' என்றால் அடுப்பில் கெட்டில் கொதிக்கிறது என்று நான் எழுந்து ஓடுகிறேன். வயலின் காதில் ஊசி ஏற்றுகிறது. ஆனால் அவசரப்பட்டுத் தீர்ப்பு எழுதுகிற ஆள் இல்லை நான். ஆம்ப்ளிஃபையரின் ட்ரெபிள், பேஸ் குமிழ்களைத் தொடுகிறவன் இசைக்கே எதிரி என்று நீங்கள் எழுதியதைப் படித்த நாளில் இரண்டையும் நடுவில் நிறுத்தியவன், அந்தப் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பியதில்லை. ஆகவே உங்கள் இதழ் சொல்லிக்கொடுத்த முறைப்படியே போனேன். ஸ்குவாஷ் பந்தைப் பாதியாக வெட்டிப் பிளேயரின் காலடியில் வைத்தேன். பிளேயர் மெதுவாக நகர்ந்து நகர்ந்து அம்மாவின் டீக்கோப்பை மேல் போய் நின்றது. கனமான கல் அடியில் இருந்தால் சத்தம் அடங்கும் என்று எழுதியிருந்தீர்களே, அதை நம்பிப் பக்கத்து வீட்டு மேவிஸ் அத்தையின் கொல்லையில் பாவியிருந்த கல்லில் ஒன்றைப் பெயர்த்து வந்தேன். அடுத்த நாள் துணி உலர்த்தப் போனவள் அந்தக் குழியில் காலை விட்டுவிட்டாள். ஃப்ரிட்ஜ்தான் மின்சாரத்தில் அழுக்கைக் கலக்கிறது என்று அதைப் பிடுங்கினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்த மாட்டிறைச்சி கெட்டுப்போய், விட்டிருந்தால் திங்கட்கிழமை தானாகவே நடந்து வெளியே போயிருக்கும்.

இதில் விநோதம் என்னவென்றால், ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று என் பழைய பிளேயரை மாட்டினால் அதுவும் கீச்சென்கிறது. இத்தனை வருடம் சாதுவாக இருந்த பிராணி! ராத்திரி முழுக்க யோசித்து ஒரு முடிவுக்கு வந்தேன்: உங்கள் கருவி வீட்டு மின்சாரத்தையே கெடுத்துவிட்டது. இதை அறிவியல் கட்டுரையாகத் தனியே எழுதித் தரவும் தயார். வேலை போய் ஒரு வருடம் ஆகிறது, நேரம் நிறைய இருக்கிறது.

இப்படிக் கருவியைத் திட்டி ஒன்றரைப் பக்கம் எழுதி, பெட்டியில் போட்டுக் கட்ட வேண்டிய சனிக்கிழமை அன்றுதான் காரியம் கெட்டது. கடைசியாக ஒரு தடவை கேட்டுவிடலாம் என்று எங்கள் ஊர் பித்தளை வாத்தியக் குழுவின் சிடியைப் போட்டேன். அம்மாவும் மேவிஸ் அத்தையும் சோபாவில் இருந்தார்கள். இரண்டு பேரும் ஆலையில் தறி ஓட்டியவர்கள். தறிக்கூடத்தின் இரைச்சலில் யார் பேசினாலும் கேட்காது, அதனால் அங்கே பெண்கள் சத்தமில்லாமல் வாயை மட்டும் பெரிதாக அசைத்துப் பேசுவார்கள், உதட்டைப் பார்த்தே புரிந்துகொள்வார்கள். ஆலை மூடியும் பழக்கம் போகவில்லை. நான் இசை கேட்கும்போது இவர்கள் அப்படித்தான் பேசுவார்கள். சின்ன வயதிலிருந்து பார்ப்பதால் எனக்கு அந்தப் பேச்சு தெரியும் என்பதை மட்டும் இருவரும் மறந்துவிடுவார்கள்.

"பொண்ணு பாக்குற வயசுல பெட்டியப் பாத்துக்கிட்டு உக்காந்திருக்கான்டி" என்றது மேவிஸ் அத்தையின் உதடு.

"என்னத்தச் சொல்ல. பெட்டியாவது இவன் பேச்சக் கேக்குது" என்றது அம்மாவின் உதடு.

சட்டென்று அம்மா வாய்விட்டே கத்தினாள்: "டேய்! அது என்னடா 'டிங்'குனு?"

"முக்கோணம்மா. கம்பிய வளைச்சு செஞ்சிருப்பாங்களே, அது."

"யாரு தட்டுறா?"

"அப்பாதான். அவரு இருக்கிறப்பப் பதிவு செஞ்சதும்மா இது. பின்வரிசையில நின்னு அவருதானே அதத் தட்டுவாரு."

அம்மா எழுந்து போய் ஸ்பீக்கர் பக்கத்தில் மண்டி போட்டாள். "அடப்பாவி மனுசா! சத்தம் வருமா அதுல? சும்மா கைய ஆட்டிக்கிட்டு, கூலியில்லாம ஊர் சுத்துறீங்கன்னு காலம் முழுக்கத் திட்டினேனே!"

"நானுந்தான் அப்படி நெனச்சேன்" என்றாள் மேவிஸ் அத்தை. "உம் புருசன் வில்ஃபுக்கு ஒண்ணும் வாசிக்கத் தெரியாது, பாவம்னு சும்மா நிக்க வச்சிருக்காங்கன்னு."

ஐயா, தறியின் இரைச்சல் காதிலிருந்து முதலில் தின்பது மெல்லிய, கூர்மையான சத்தங்களைத்தான். அம்மாவுக்குப் பறவை போய், கதவு மணி போய், அப்பாவின் முக்கோணம் கல்யாணத்துக்கு முன்பே போயிருக்கிறது. பருத்தி ஆலை அது. மலை மலையாகப் பஞ்சு. காதில் வைத்துக்கொள்ள ஒரு துணுக்குக்கூட யாரும் கொடுக்கவில்லை. முதலாளிக்கு ஊர் நடுவில் சிலை வைத்திருக்கிறார்கள். அதற்கு இரண்டு காதும் அழகாகச் செதுக்கியிருக்கிறார்கள்.

அன்றிலிருந்து அம்மா தினமும் சாயங்காலம் டீயும் கையுமாக உட்கார்ந்து அந்த ஒரு சிடியைக் கேட்கிறாள். 'டிங்' வருகிற இடத்தில் தலையை ஆட்டுகிறாள். நடுவில் அப்பா ஒரு இடத்தில் தாளம் தப்புகிறார். "அதானே பாத்தேன்" என்று சிரிக்கிறாள். வீடு வெகு நாளைக்குப் பிறகு நன்றாக இருக்கிறது. எனக்குத்தான் காது வலிக்கிறது.

ஆகவே என் தீர்ப்பும் விண்ணப்பமும்: இந்தக் கருவியை யாரும் வாங்க வேண்டாம் என்று பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். இதை எங்களிடமே விட்டுவிடுங்கள். பதிலுக்கு ஒரு வருடம் எந்தப் பிளேயரை அனுப்பினாலும் கூலியில்லாமல் கேட்டு எழுதுகிறேன். அதற்கு நான் குடும்பத்தில் முதல் ஆள் இல்லை.

உங்கள் அலுவலகத்தார் அனைவருக்கும் அம்மா தன் அன்பைச் சொல்லச் சொன்னாள். உங்கள் கார்டுகளில் கையெழுத்துப் போடுகிற கோபக்காரப் பெண்மணிக்கும் சேர்த்து.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள வாசகன்,
ரோட்னி டக்வர்த்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் இது. இதைப் படித்துக் காட்டியபோது மேவிஸ் அத்தை சோபாவிலிருந்து அம்மாவைப் பார்த்து உதட்டை அசைத்தாள்: "அந்தத் திருகு விஷயத்த அவங்கிட்டச் சொல்லிட்டியா?" அம்மாவின் உதடு: "சும்மா இருடி." நான் எழுந்து, எந்தப் பிளேயரின் சத்தமும் கடந்துவர வேண்டிய ஆம்ப்ளிஃபையரைப் பார்த்தேன். ட்ரெபிள் குமிழ் வலது கோடியில், இனிமேல் திரும்பாது என்கிற இடத்தில் நிற்கிறது. "பத்திரிகைக்காரங்க சாமான் வருதுன்னு தூசி தட்டுனேன்டா. கை பட்டுத் திரும்பிருச்சு. அப்புறம் பாட்டு நல்லாக் கேட்டுச்சா, அப்படியே விட்டுட்டேன்" என்கிறாள். குமிழை நடுவுக்குக் கொண்டுவந்தேன். உங்கள் பிளேயர் கஸ்டர்ட் மாதிரி வழவழவென்று வாசிக்கிறது. அப்பழுக்கு சொல்ல முடியாது. மேலே எழுதிய தீர்ப்பு, மின்சார ஆராய்ச்சி எல்லாவற்றையும் அடித்துவிடுங்கள். எல்லோரும் வாங்கலாம், காசு இருந்தால். திங்கட்கிழமை பார்சலில் அனுப்பிவிடுகிறேன். என் பழைய பிளேயரை மாட்டி அந்த சிடியைப் போட்டேன். அம்மா 'டிங்'குக்காகக் காத்திருந்துவிட்டு, "வில்ஃப் எங்கடா போனாரு?" என்றாள். குமிழைத் திரும்ப வலது கோடிக்கே தள்ளிவிட்டேன். ஆம்ப்ளிஃபையர் எங்களுடையது, ஐயா. அதை யாருக்கும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.