சாப்பிட்டு முடிக்கப்பட்ட தக்காளி

உலகம் தோன்றிய நாள் முதல் மனித குலத்தைத் தூங்கவிடாமல் வாட்டிய கேள்வி ஒன்று உண்டு: "இந்தத் தக்காளி எங்கிருந்து வந்தது?" அதற்கு விடை கண்டது எங்கள் காய்கறிக் கொள்முதல் நிலையம்தான் என்பதை, அதன் மேலாளர் என்ற முறையில் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். எங்களிடம் பிளாக்செயின் என்னும் பதிவுச் சங்கிலி வந்துவிட்டது. அது என்ன என்று கேட்காதீர்கள்; பயிற்சி வகுப்பில் நானும் கேட்கவில்லை. ஒருமுறை பதிந்தால் பதிந்ததுதான், யார் தலைகீழாக நின்றாலும் மாற்ற முடியாது என்றார்கள். எல்லோரும் கைதட்டினோம்.

திறப்பு விழாவில் மேலிடத்து விருந்தினர்களுக்கு நானே அதை இயக்கிக் காட்டினேன். கைக்கு அகப்பட்ட ஒரு விவசாயியின் அறுவடைக் குறியீட்டை எடுத்து 'வயல்', 'லாரி', 'கடை', 'நுகர்வோர் சாப்பிட்டு முடித்தார்' என்று வரிசையாகத் தட்டிக்கொண்டே போனேன். விருந்தினர்கள் மெய்சிலிர்த்தார்கள்.

மறுநாள் அந்தக் குறியீட்டுக்குச் சொந்தக்கார அம்மா, மினி வேன் நிறையத் தக்காளியோடு வந்து இறங்கினார்.

"சீக்கிரம் எடை போடுங்க சார். நல்லாப் பழுத்துடுச்சு. இன்னிக்குப் போகலன்னா குப்பைக்குத்தான்."

எங்கள் கம்ப்யூட்டர் பெண் குறியீட்டு ஸ்டிக்கரை ஸ்கேன் செய்துவிட்டு விழித்தாள். "சார், இந்தத் தக்காளியை ஏற்கெனவே சாப்பிட்டாச்சுன்னு காட்டுது."

"என்னம்மா உளர்றே? வண்டி நிறைய இருக்கே!" என்று பதறினார் அந்த அம்மா.

"கண்ணால பாக்கறதெல்லாம் 'ஆதாரம்' ஆகாதும்மா," என்று பொறுமையாக விளக்கினேன்.

"ஒண்ண எடுத்துக் கடிச்சுப் பாருங்களேன்!"

"சாப்பிட்டதையே மறுபடி சாப்பிட விதியில்ல."

"அப்ப வேற ஸ்டிக்கர் ஒட்டுங்க."

"ஒரு அறுவடைக்கு ஒரு குறியீடுதான். ரெண்டாவது ஒட்டினா மோசடி."

"போகட்டும், நான் சந்தையில வித்துக்கறேன்."

"சந்தையும் இதே சங்கிலிலதாம்மா இருக்கு. அங்கயும் சாப்பிட்டாச்சு."

நிலைமையின் தீவிரத்தை உணர்ந்து அவசரக் கூட்டம் கூட்டினேன். ஏசி அறையில், தேநீருக்குப் பின், வேனில் இருப்பவை 'தக்காளியைப் போன்ற பொருட்கள்' என்று ஒருமனதாகத் தீர்மானித்தோம். வெளியே வந்தபோது அந்தப் பொருட்கள் வெயிலில் நசிந்து, வேனிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தன. அந்த அம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்.

"புள்ளையப் பாத்துக்கற மாதிரி பாத்துக்கிட்டேனே சார்!" என்று வாய்விட்டு அழுதார். எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. ஆனால் பாவத்தைப் பதிவதற்கு அதில் பொத்தான் இல்லை.

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவர் கம்ப்யூட்டர் பெண்ணிடம் போனார். "ஏம்மா, தின்னது யாருன்னு அதுல இருக்குமா?"

"இருக்கும்மா. அதுக்குத்தானே இதையே வாங்கினாங்க." திரையைப் பார்த்தவள் என்னையும் ஒருமுறை பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திப் படித்தாள்: "'நுகர்வோர்: மேலாளர். கருத்து: பிரமாதமான ருசி.'"

அந்த அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"நல்ல மிஷின்தான் சார். எங்க வயித்துல அடிச்சுத் தின்னது யாருன்னு இதுவரைக்கும் எந்த ஆபீஸும் இவ்வளவு தெளிவா எழுதி வெச்சதில்ல."