வளருற பிள்ளைக்கு ஒரு துவக்கு

எங்கள் மகளுக்குத் துவக்கு வாங்கிக் கொடுப்பதென்று என் கணவர் முடிவெடுத்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பூசை முடிந்து வந்து, ஆட்டிறைச்சிக் கறியின் நடுவில்.

சட்டிக்குள் எலும்பு தேடிக்கொண்டே சொன்னார்.

"ஜெனிற்றாவுக்குப் பன்னிரண்டு முடிஞ்சுது. இனி அவளையும் சனிக்கிழமையில கூட்டிக்கொண்டு போகப் போறன். இப்பவே சுடப் பழகட்டும்."

வேறு வீடுகளில் பன்னிரண்டு வயதுப் பெண்பிள்ளைக்கு வயலின் வாங்குவார்கள். நீச்சல் உடுப்பு வாங்குவார்கள். எனக்கு வாய்த்தவர் கௌபோய்.

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். ஜெர்மனியில் நாங்கள் இருக்கிற ஹம் நகரிலிருந்து காரில் அரை மணித்தியாலம் போனால், சோளக் காணிகளுக்கு நடுவில் ஒரு சுடும் கிளப் இருக்கிறது. கிழமை முழுக்க வங்கியிலும் நகரசபையிலும் வேலை செய்கிற டொச்சுக்காரர், சனிக்கிழமையானால் அகலத் தொப்பியும் தோல் பட்டியும் குதிச் சப்பாத்துமாக அங்கே வருவார்கள். அந்தக் காலத்து அமெரிக்காவில் நிற்பதாக நினைத்துக்கொண்டு இரும்புத் தகடுகளைச் சுடுவார்கள். குதிரை ஒன்றும் கிடையாது. எல்லாரும் வந்திறங்குவது டீசல் காரில். ஆளுக்கொரு கௌபோய்ப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்களுடைய சட்டம். என் கணவருக்கு அந்தச் சிரமமும் இல்லை. மன்னாரில் ஜோன்சன் என்று ஞானஸ்நானம் கொடுத்த சுவாமி எதிர்காலம் தெரிந்தவர்.

அவர் மூன்று வயதில் இந்த நாட்டுக்கு வந்தவர். துவக்கு என்றால் அவருக்குப் படத்தில் வருகிற சாமான். நான் இருபது வயதில் கலியாணம் முடித்து வந்தவள். எனக்கு அது படத்தில் வரவில்லை. வருசப் பிறப்புக்கு ஊர் முழுக்க வெடி கொளுத்தும்போது நான் குளியலறைக் கதவைப் பூட்டி, காற்றாடியைப் போட்டுக்கொண்டு உள்ளே இருப்பேன். "சுஜீ, இது வாணம்தான்" என்று அவர் வெளியே நின்று சொல்வார். வாணம் என்று எனக்கும் தெரியும். என் முழங்காலுக்குத்தான் தெரியாது.

ஆனாலும் என் பெரிய பயம் துவக்கில் இல்லை. சனிக்கிழமையில்.

கிழமையில் ஐந்து நாளும் அவருக்குத் தொழிற்சாலையில் பின்னேர வேலை. நான் எழும்பும்போது அவர் நித்திரை, அவர் வரும்போது நான் நித்திரை. ஒரே கட்டிலில் படுத்துக்கொண்டே சந்திப்பதற்கு, டொக்டரிடம் எடுப்பதுபோல நாள் குறித்து டெர்மின் எடுக்க வேண்டிய குடும்பம் எங்களுடையது. சனிக்கிழமையை ஏற்கெனவே கௌபோய்மார் கொண்டுபோய்விட்டார்கள். மிச்சம் இருந்தது மகள். அவளும் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு ஃபோனோடு இருப்பவள்தான். என்றாலும், சாத்திய கதவுக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறது என்பதே ஒரு பலம். இனி அந்தக் கதவு திறந்து கிடக்கும்.

வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம்தான். ஆனால் நான் கன்னியாஸ்திரிகளிடம் படித்தவள். எங்கள் மதர் ஒருநாளும் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. "நல்லது பிள்ளை, செபிப்போம்" என்பார். அதற்குப் பிறகு அந்த விசயம் உயிரோடு எழும்பியதாகச் சரித்திரம் இல்லை.

நானும் குரலைத் தாழ்த்தி, நல்ல விசயம்தானே என்றேன். மனுசன் திகைத்துப்போய்க் கையிலிருந்த எலும்பைத் திரும்பவும் சட்டிக்குள் போட்டார்.

அன்றோடு எங்கள் குசினி ஆயுதக் கிடங்காயிற்று. ஒரு முழுக் கௌபோய்க்கு இரண்டு ரிவோல்வர், கீழே நெம்புகோல் வைத்த நீட்டுத் துவக்கு, இரட்டைக் குழல் என்று நாலு வேண்டுமாம். ஒரு சூட்கேசோடு குடித்தனம் தொடங்கியவள் நான், விரல் விட்டு எண்ணினேன். நல்ல காலம், இந்த நாட்டில் அதற்கெல்லாம் சட்டம் இருக்கிறது. பன்னிரண்டு வயதுப் பிள்ளை காற்றுத் துவக்கு மட்டும்தான் தொடலாம், அதுவும் கிளப்பில், பழக்குகிறவர் பக்கத்தில் நிற்க. பதினாலுக்குப் பிறகுதான் சின்ன ரவையே. ஆகவே, பார்வைக்குக் கௌபோய்த் துவக்கு, உள்ளே வெறும் காற்று என்கிற சாதியாக ஒன்று தேட வேண்டும் என்றார். வீட்டிலேயே ஒன்று இருக்கிறதே என்று நினைத்தேன். சொல்லவில்லை.

கடையில் இரண்டு அளவு இருந்ததாம். பிள்ளைகளுக்குக் கட்டை, பெரியவர்களுக்கு நீளம். எப்படித் தெரிவு செய்வது என்று வீடு கூட்டுகிற தும்புத்தடியை வைத்து எங்களுக்கு வகுப்பெடுத்தார். துவக்கின் அடிக்கட்டையை முழங்கையின் மடிப்பில் வைத்தால், விரல், சுடுவதற்கு அழுத்துகிற வில்லைத் தொட வேண்டும். தொடாவிட்டால் நீளம் பிழை. நீட்டிப் பிடிக்கும்போது பிள்ளை பின்னுக்கு வளையக் கூடாது. வளைந்தால் பாரம் பிழை. ஜெனிற்றா ஒரு கையில் தும்புத்தடியும் மறு கையில் ஃபோனுமாக நின்று, இரண்டாவதில்தான் கவனமாக இருந்தாள்.

கட்டைதான் இவளுக்குச் சரி போல என்று அவர் முடிவுக்கு வந்த நேரம், நான் பருப்பைக் கிண்டிக்கொண்டே அடுப்புக்குச் சொல்வதுபோல இரண்டு சொல் சொன்னேன்.

"வளருற பிள்ளை."

"என்ன சொன்னனீர்?"

"ஒண்டுமில்லை. வளருற பிள்ளை எண்டனான்."

"அது ஓம்."

"ரெண்டு வருசத்தில கை நீண்டிடும். பிறகும் ஒண்டு வாங்கவோ?"

"அதுதானே."

"எனக்குத் துவக்கைப் பற்றி என்ன தெரியும். நீங்கள் யோசிச்சுச் செய்யுங்கோ."

எங்கள் ஆட்களுக்கு இந்த இரண்டு சொல் போதும். சப்பாத்து என்றால் பெரிய அளவில் வாங்கி முன்னுக்குப் பஞ்சு வைப்பது. முதல் நன்மைச் சட்டையை அடியில் மடித்துத் தைத்து, பிறகு ஒவ்வொரு நத்தார்ப் பண்டிகைக்கும் ஒரு மடிப்பை அவிழ்ப்பது. ஜெனிற்றாவின் குளிர்ச் சட்டைக்குள்ளிருந்து அவளுடைய விரல்கள் இன்றுவரை வெளியுலகம் பார்த்ததில்லை. அளவான உடுப்பு என்பது பள்ளிக்கூடப் படத்தில் மற்றப் பிள்ளைகள் போட்டிருப்பது. என் மாமி பழக்கி, அவர் பழகி, நானும் கூடச் சேர்ந்துகொண்ட பாவம் இது. அதைத் துவக்குக்கும் நீட்டலாம் என்று கண்டுபிடித்தவள் மட்டும் நான்.

நீட்டுத் துவக்கு வந்தது. கூடவே தொப்பியும் வந்தது, அதுவும் வளருற பிள்ளைக்கு. அதைப் போட்டால் தொப்பி முடிகிற இடத்தில் பிள்ளையின் கழுத்துத் தொடங்கியது.

என் கணக்கு நேரானது. அவர் எடுத்த வகுப்பின்படியே கிளப்பில் இந்தத் துவக்கைத் திருப்பி அனுப்புவார்கள். இன்னொன்று வாங்க மனுசனுக்கு மனம் வராது. பிள்ளை வளரும் வரைக்கும் சனிக்கிழமைகளில் ஒரு கதவாவது எனக்குச் சாத்தியிருக்கும்.

என் வெற்றியைக் கண்ணால் பார்க்க நானும் அந்தச் சனிக்கிழமை கூடப் போனேன். கைப்பைக்குள் செபமாலை.

பிள்ளைகளைப் பழக்குகிறவர் வால்ட்ராவுட் என்கிற அறுபது வயதுப் பெண்மணி. நிலத்தைக் கூட்டுகிற பாவாடையும் ரேந்தை வைத்த தொப்பியுமாக வந்து, நீட்டுத் துவக்கை வாங்கி, அடிக்கட்டையை ஜெனிற்றாவின் முழங்கை மடிப்பில் வைத்தார். பிள்ளையின் விரல் வில்லுக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றுவிட்டது. நீட்டிப் பிடிக்கச் சொன்னார். நிறைமாசக்காரி மாதிரிப் பின்னுக்கு வளைந்தாள். தொப்பி விழுந்தது.

வளருற பிள்ளை என்று என் கணவர் டொச்சில் விளங்கப்படுத்தினார். அந்த மொழியில் அது ஒரு நியாயமாகவே ஒலிக்கவில்லை. வளர்ந்த பிறகு கொண்டுவரச் சொன்னார் வால்ட்ராவுட்.

மனதுக்குள் நான் நன்றிப் பாடலில் இரண்டாவது அடிக்குப் போயிருப்பேன். வால்ட்ராவுட் திரும்பி அலுமாரியைத் திறந்தார். உள்ளே வரிசையாகக் கட்டைத் துவக்குகள். தொடங்குகிற பிள்ளைக்குக் கிளப்பே இரவல் கொடுக்குமாம். முதலில் வாங்கிக்கொண்டு வருகிற முட்டாள்தனத்தை ஒருவரும் செய்வதில்லை என்றும் சொன்னார். ஒன்றை எடுத்து மகளின் கையில் வைத்தார். தைத்து வைத்ததுபோல இருந்தது. என் பிள்ளை வாழ்க்கையில் முதல்முதலாக அளவான ஒரு சாமானைப் பிடித்தாள். அந்த முகத்தைப் பார்த்த பிறகு என்னால் ஒரு செபமும் சொல்ல முடியவில்லை.

நெம்புகோலை இழுத்து வில்லை அழுத்தினாள். ஈயக் குண்டு தகட்டில் பட்டு டிங் என்றது.

பக்கத்து வரிசையில் பெரியவர்கள் உண்மையான வெடிமருந்தோடு தொடங்கினார்கள். வால்ட்ராவுட் என் தலையில் ஒரு பழைய மஞ்சள் காதுமூடியை மாட்டிவிட்டார். அப்பாவுக்கும் மகளுக்கும், என் கணவர் புதிதாக வாங்கிய கறுப்பு மூடிகள். முதல் வெடி கிளம்பியது. காது அடைத்திருந்தாலும் நெஞ்சுக்கு அடைப்பு இல்லையே. நான் போய் என் கணவரின் முதுகுக்குப் பின்னால் நின்றேன்.

அகலமான முதுகு. அசையவில்லை. சுவாமியிடம் பாவத்தைச் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தட்டியின் முன்னால் நிற்கிற மாதிரி இருந்தது. எல்லாருக்கும் காது மூடியிருக்கிறது, ஒருவரும் திரும்பப் போவதில்லை. இத்தனை பேருக்கு நடுவில் இவ்வளவு தனியாக நின்றால் ஒரு மனுசி என்ன செய்வாள்? கதைத்தேன்.

"நான்தான் உங்களை ஏமாத்தி அந்த நீட்டுத் துவக்கை வாங்க வைச்சனான்" என்றேன். "பிள்ளையும் உங்களோட போயிடுவாள் எண்ட பயத்தில. நீங்கள் போனாப் பிறகு வீட்டில ஒரு சத்தமும் இல்லை. சத்தம் கேட்டாப் பயம், கேளாட்டி அதைவிடப் பயம். உடுப்பு இல்லாமலே வாஷிங் மெசினைப் போட்டுவிட்டு, பக்கத்தில கதிரையை வைச்சு இருக்கிறனான். ஏதோ ஒண்டு சுத்துதே எண்டு."

முதுகு அசையவில்லை. வெடி வெடித்தது. எனக்கு நெஞ்சு கொஞ்சம் இலேசானது.

மெதுவாகத் திரும்பினார்.

"வெறும் மெசினையோ ஓட விடுறனீர்?"

நான் மஞ்சள் மூடியைக் கழற்றினேன். அவர் தன் கறுப்பு மூடியைத் தட்டிக் காட்டினார்.

"இது பற்றறி போட்டது, சுஜீ. வெடியை மட்டும்தான் அடைக்கும். மனுசர் கதைக்கிறதைக் கூட்டித் தரும்."

தகட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே ஜெனிற்றா சொன்னாள். "எனக்கும் கேட்டது, அம்மா."

கலியாணம் முடித்த நாளிலிருந்து நான் சத்தமாகச் சொன்ன எதுவும் விளங்காத மனுசனுக்கு, நான் முணுமுணுத்தது முழுவதும் விளங்கிவிட்டது. அவர் கோபிக்கவில்லை. தன் கறுப்பு மூடியைக் கழற்றி என் தலையில் வைத்து, என்னுடைய மஞ்சளைத் தான் மாட்டிக்கொண்டு, வால்ட்ராவுட்டிடம் போனார். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு அவரோடு ரகசியம் பேசத் தொடங்கினார்.

சோளத்தில் காற்று அடிப்பது கேட்டது. மகள் மூச்சை அடக்குவது கேட்டது. என் கணவர் டொச்சில் சொல்வதும் துளியும் பிசகாமல் கேட்டது. தான் இனி ஒரு சனி விட்டு ஒரு சனி வீட்டில் நிற்கப் போவதாகச் சொல்லி, அந்த நாட்களில் பிள்ளையை வால்ட்ராவுட் காரில் ஏற்றிக்கொண்டு வர வேண்டும் என்று கேட்டார். மனைவிக்கு மட்டும், கிளப்பில் கூரை திருத்துகிறார்கள் என்று சொல்லப்போகிறாராம். உண்மையைச் சொன்னால் என்ன என்று வால்ட்ராவுட் கேட்டார்.

"சொன்னா நான் தோத்த மாதிரி ஆயிடும்."

நீ ஏற்கெனவே தோற்றுத்தான் நிற்கிறாய் என்றார் வால்ட்ராவுட்.

அன்று இராச் சாப்பாட்டில் கூரைச் செய்தியைப் பெரிய கவலையோடு அறிவித்தார். ஒரு பக்கம் முழுக்க ஒழுக்காம். பாவம், நல்ல கூரை என்றேன் நான். ஜெனிற்றா சாப்பாட்டுக் கோப்பைக்குள் குனிந்துகொண்டாள்.

முதல் சனிக்கிழமை வந்தது. வால்ட்ராவுட் வந்து பிள்ளையைக் கூட்டிப் போனார். வீட்டில் நானும் என் கணவரும். அவர் கொஞ்ச நேரம் கதிரையில் இருந்தார். எழும்பினார். யன்னலால் பார்த்தார். சனிக்கிழமை வீட்டில் என்ன செய்வதென்று மனுசனுக்குத் தெரியவில்லை. எனக்கும் அவரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. பிறகு, வெறுமனே ஓடுகிற மெசினில் ஏதோ பிழை இருக்கத்தான் வேண்டும் என்று சட்டைக் கையை மடித்துக்கொண்டு போனவர், மத்தியானத்துக்குள் அதை முழுவதும் கழற்றி நிலத்தில் பரப்பிவிட்டார். திரும்பப் பூட்டத் தெரியவில்லை.

இப்போது நான் உடுப்பைக் கையால் தோய்க்கிறேன். அவர் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து, எப்படித் தோய்ப்பது என்று எனக்கு வகுப்பெடுக்கிறார்.