எதிர்த்தரப்பின் கருத்து அறிய முடியவில்லை

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சானுக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், வீட்டில் அனைவரும் நலமாக இருப்பார்கள் என்று நம்பித் தொடங்குகிறேன்.

இன்று காலை நிலவரப்படி உறுதியான செய்தி: உங்கள் தங்கை பிரார்த்தனையை விட்டுவிட்டாள். ஆதாரம்: எங்கள் வீட்டுச் சமையலறை. சோறு மறுபடியும் குழைந்துவிட்டது. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்பீர்கள். சின்ன வயதில் நீங்கள் ராகத்தோடு சொல்லிக்கொடுத்த, வேதத்தின் அந்த நகர அழிவு அத்தியாயம்தான் இத்தனை காலமும் அவளுக்குக் கடிகாரம். உலை வைத்ததும் அவள் பாட்டில் நகரம் முற்றுகையிடப்படும். மதில் இடியும்போது அரிசி பாதி வெந்திருக்கும். கடைசிக் கன்று வெட்டுப்பட்டதும் பானையை இறக்கிவிடுவாள். இப்போது அடுப்படியில் சத்தமே இல்லை. சோறு ஒருநாள் விறைப்பு, ஒருநாள் கூழ்.

குற்றவாளி நான்தான். எங்கள் தெருப் பிரார்த்தனை மன்றத்தின் செயலாளர் ஒரு பல் டாக்டர். வேதத்தில் உள்ளது எழுத்துக்கு எழுத்து நடந்தது, உவமை என்பதெல்லாம் கோழைகளின் பேச்சு என்று சொல்பவர். அவர் என்னைப் பிடித்து, "சார், நீங்க பத்திரிகைக்காரர். தாமதமா வர்றவங்களுக்குப் புரியுற மாதிரி வார வாசிப்போட சாரத்தை வாசல் பலகையில எழுதுங்க. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்" என்றார். கூட்டாமல் குறைக்காமல் எழுதுவதைத் தவிர எனக்கு வேறென்ன தெரியும்? அந்த வாரத்து வாசிப்பு அந்த அத்தியாயம். நான் எழுதியது இது: 'நகரம் வீழ்ந்தது. ஆண்கள், பெண்கள், முதியோர், தொட்டில் குழந்தைகள் அனைவரும் வாளால் கொல்லப்பட்டனர். கொட்டிலில் கட்டியிருந்த கன்றுகளும் தப்பவில்லை. தாக்குதலுக்கு உத்தரவிட்டவர் கடவுள் என வேதம் தெரிவிக்கிறது. இறந்தோர் எண்ணிக்கை குறிப்பிடப்படவில்லை. எதிர்த்தரப்பின் கருத்து அறிய முடியவில்லை. எவரும் உயிருடன் இல்லை.'

அன்று மாலை மன்றத்தில் யாரும் உள்ளே போகவில்லை, எல்லோரும் பலகை முன்னால் நின்றார்கள். டாக்டர் வந்தார், படித்தார், கையுறை போட்ட ஆள்போல இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "என்ன சார் இது, கொலைச் செய்தி மாதிரி இருக்கு?" என்றார். "எழுத்துக்கு எழுத்து நடந்ததுன்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன். "நடந்ததுதான். அதுக்காக இப்படியா போட்டு உடைக்கிறது?" என்றார். சமாதானம் செய்ய வந்த கணக்கு வாத்தியார், "நகரம்னா நம்ம மனசு. குழந்தைங்கன்னா முளை விடுற கெட்ட எண்ணங்க" என்று ஆரம்பித்தார். கூட்டத்தில் நின்ற ஒரு பஸ் ஓட்டுநர் விடவில்லை. "அப்ப கன்னுக்குட்டி?" வாத்தியார் கொஞ்சம் யோசித்து, "அது வந்து... சோம்பேறித்தனம்" என்றார். "சோம்பேறித்தனத்தை வெட்ட எதுக்கு வாத்தியாரே ஒரு படையே கிளம்பிப் போச்சு?" என்றதும் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். அத்தோடு முடிந்திருக்கும். டாக்டருக்குத்தான் பொறுக்கவில்லை. "சிரிக்க என்ன இருக்கு? அதுங்க எதிரியோட குழந்தைங்க. வளர்ந்தா எதிரியாத்தானே வளரும்?" என்றார்.

சிரிப்பு நின்றுவிட்டது. கூட்டத்தின் பின்னாலிருந்து உங்கள் தங்கை கேட்டாள்: "டாக்டர், உங்ககிட்ட பல்லு காட்ட வர்ற குழந்தைகிட்ட, யார் வீட்டுப் பிள்ளைன்னு கேட்டுட்டுத்தான் வாயைத் திறக்கச் சொல்வீங்களா?" பதிலுக்குக் காத்திராமல் செருப்பை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

நான் பின்னாலேயே ஓடினேன். "எழுதினவங்க அழகாப் பாட்டா எழுதி மறைச்சுட்டாங்க, உன்மேல என்ன தப்பு?" என்று தேற்றிப் பார்த்தேன். "யாரும் மறைக்கல. தொட்டில்னு அப்படியே இருக்கு. நான்தான் ராகம் தப்பக்கூடாதுன்னு அதுமேலயே நடந்து போயிருக்கேன்" என்றாள். தகவல் சரியாக இருந்தால் என் வேலை முடிந்தது என்று நினைப்பவன் நான். அந்தப் பலகையில் ஒரு எழுத்துகூடத் தவறு இல்லை. ஆனால் உங்கள் அம்மா இறந்த அன்றும், எனக்கு அறுவை சிகிச்சை நடந்த அன்றும் அவள் பிடித்துக்கொண்டு நின்றது அந்தப் பாட்டைத்தான். அதை நான் நாலு வரியில் பிடுங்கிக்கொண்டேன். எதை நம்பச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. ஆகவே நீங்கள் உடனே புறப்பட்டு வாருங்கள். நடந்தது என்று சொல்லுங்கள், நடக்கவில்லை என்று சொல்லுங்கள், கன்றுக்குட்டி சோம்பேறித்தனம் என்றுகூடச் சொல்லுங்கள். நான் குறுக்கே வாய் திறக்க மாட்டேன். அவள் பழையபடி அடுப்படியில் பாடினால் போதும்.

பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னவர்களுக்கு என் ஆசி. எல்லோருக்கும் நல்லதே நடக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கையின் கணவன்

பின்குறிப்பு: தபால்தலை ஒட்டுகிறேன் என்று வாங்கிப்போனவள் கடிதம் முழுவதையும் படித்துவிட்டாள். ஆகவே ஒரு திருத்தம். மேலே உறுதியான செய்தி என்று எழுதியது தவறு. "விட்டுட்டேன்னு யார் சொன்னா? அந்த ஒரு அத்தியாயத்தைத்தான் விட்டேன். மத்ததெல்லாம் குளியலறையில சொல்லிக்கிறேன். வெளியில சொன்னா நீங்க செய்தியாக்கிடுவீங்க" என்கிறாள். உங்களை வர வேண்டாம் என்றும் சொல்லச் சொன்னாள். பாடத் தெரிந்தவர்கள் இப்போது தேவையில்லையாம். இனி அந்த அத்தியாயத்தை வாசிக்கும் நாளில், அந்த நகரத்துக் குழந்தைகளுக்காக மன்றத்தில் எல்லோரும் சற்று நேரம் எழுந்து நிற்க வேண்டும் என்று செயலாளரிடம் நேரில் கேட்டிருக்கிறாள். எதிரிக்கு அஞ்சலியா என்று அவர் திகைத்ததாக ஓட்டுநர் சொன்னார். இதை நான் இன்னும் சரிபார்க்கவில்லை. மறுத்தால் தான் மட்டும் நிற்கப் போவதாகச் சொல்கிறாள். நானும் நிற்கலாமா என்று கேட்டேன். பேனாவை வீட்டில் வைத்துவிட்டு வந்தால் நிற்கலாமாம். மன்றத்தின் முடிவு சனிக்கிழமை மாலைக் கூட்டத்தில் தெரியும்.