ஏழாம் பதிப்பின் மூன்று நிமிடங்கள்

மனித குலம் நெருப்பைக் கண்டது, சக்கரத்தைக் கண்டது. அதன் பிறகு சொல்லிக்கொள்ளும்படி எதுவும் செய்யாமல், சீனாவின் ஷென்ஜென் நகரத்து 'வெண்முகில்' நிறுவனத்தின் ஏழாம் பதிப்பு டேப்லெட்டுக்காகக் காத்திருந்தது.

அதன் வடிவமைப்பாளர் ஔயாங் ருய். இன்னும் ஓராண்டில் அவளுக்கு முப்பத்தைந்து. அந்தத் தொழிலில் அது பழுத்த வயது; நிறுவனங்கள் மிகுந்த மரியாதையோடு வீட்டுக்கு அனுப்பிவிடும். ஏழாம் பதிப்பு வெற்றி பெற்றால் மட்டும் அவள் வேலைக்கு ஆபத்தில்லை என்று தலைவர் தூ வாக்களித்திருந்தார். ருய் அதை நம்பினாள். நம்பாமல் என்ன செய்வது?

முந்தைய பதிப்புகளும் லேசுப்பட்டவை அல்ல. இரண்டாவதில் பொத்தான்களை நீக்கினார்கள். நான்காவதில் இயர்போன் துளையை நீக்கினார்கள். ஆறாவது எவ்வளவு மெலிந்தது என்றால், துப்புரவுப் பணியாளர் ஒருவர் அதைக் காலண்டர் அட்டை என்று நினைத்துக் குப்பையில் போட்டார். அந்த மாதத்தின் 'சிறந்த பயனர்' சான்றிதழ் அவருக்கே கிடைத்தது.

ஏழாவதற்கு தூ புதிய வழி கண்டார். நானூறு ஊழியர்களுக்கும் ஆளுக்கொரு சோதனை டேப்லெட். ஒரு மாதம் இயல்பாகப் பயன்படுத்த வேண்டியது. கருவியே கவனித்து அறிக்கை தரும். அறிக்கை வந்ததும் கூட்டம் கூடியது.

"தினமும் பன்னிரண்டு பத்துக்கு எல்லாரும் இதை மூணு நிமிஷம் அசையாம வெச்சிருக்காங்க," என்றார் தூ. "யாரும் தொடல. பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டே இருக்காங்க. அடிப்பக்கம் மட்டும் சூடாகுது. இது என்ன?"

அது என்ன என்று நானூறு பேருக்கும் தெரியும். கப் நூடுல்ஸில் கொதிநீர் ஊற்றினால் காகித மூடி எழும்பிக்கொண்டே இருக்கும். அதை அழுத்திப் பிடிக்க, கைக்கெட்டும் தூரத்தில் இருந்த தட்டையான பொருள் டேப்லெட்தான்.

"தியானம்," என்று தீர்ப்பளித்தார் தூ.

பொறியாளர் ஜியென் ருய் பக்கம் சாய்ந்தான். "அக்கா, நீங்களாவது சொல்லிடுங்களேன்."

"நீயே சொல்லு. உனக்கு இருபத்தேழு வயசுதானே?"

ருய் சொல்லவில்லை. வடிவமைத்தாள்.

"வட்டமா பண்ணலாம் தலைவரே. மூலைங்க மனசைச் சிதறடிக்கும்."

"கனத்தை ஏன் கூட்டியிருக்கே?"

"மனசு மேல எழும்பாம இருக்க."

"ஓரத்துல எதுக்கு ஓட்டை?"

"மூச்சு விட."

"யாரு?"

"அது பயனரோட விருப்பம், தலைவரே."

மென்பொருளிலும் ஒரு புரட்சி செய்தாள். அடிப்பக்கம் சூடானதும் மூன்று நிமிடங்களுக்கு எந்தச் செய்தியும் நுழையாது. பிறகு மணி அடிக்கும்.

"நான் அனுப்புற செய்தி கூடவா?"

"தியானத்துல கடவுளே வந்தாலும் வெளியில நிக்கணும்ல, தலைவரே."

கடவுளோடு ஒப்பிட்ட பிறகு எந்தத் தலைவரால் மறுக்க முடியும்?

ஏழாம் பதிப்பு நாடெங்கும் விற்றுத் தீர்ந்தது. வாங்கியவர்கள் கடிதம் எழுதினார்கள். "மூணு நிமிஷம் யாருமே என்னைக் கூப்பிடல. அழுதுட்டேன்," என்று எழுதியிருந்தார் ஒருவர். அதைப் படித்தபோது ருய்க்கும் கண் கலங்கியது. பத்து வருட வேலையில் முதல்முறையாக யாருக்கோ உபயோகமாக எதையோ செய்திருக்கிறாள்.

பிறந்தநாளன்று மதியம் நூடுல்ஸில் வெந்நீர் ஊற்றி, தன் படைப்பை அதன்மேல் வைத்து, எதிரே சும்மா உட்கார்ந்திருந்தாள். மணி அடித்தது. திரையில் ஒரு கடிதம் திறந்தது.

'அன்புள்ள முன்னாள் ஊழியருக்கு: வெற்றி பெற்றுவிட்ட பதிப்புக்கு இனி வடிவமைப்பாளர் தேவையில்லை. இனிய பிறந்தநாள் வாழ்த்துகள்.'

அது பன்னிரண்டு பத்துக்கே வந்து வெளியில் நின்றிருக்கிறது. நூடுல்ஸ் பதமாக வெந்திருந்தது.

நிறுவனம் உடனே விசாரணைக் குழு அமைத்தது. ஊழியர் ஒருவர், வேலை போனது தெரியாமல், மூன்று நிமிடம் நிம்மதியாக இருந்திருக்கிறார். இது கடுமையான தொழில்நுட்பக் குறைபாடு என்று குழு கண்டறிந்தது.

எட்டாம் பதிப்பில் அதைச் சரிசெய்துவிட்டார்கள்.